ஏழு பூஜ்யம் பூஜ்யம்

அந்தப் பெண் ஆதார் அட்டையை நீட்டியபோது
கட்டைவிரலால் முகவரியை மூடியிருந்தாள்.
கூட வந்தவன் மழைக்கோட்டைக் கழற்றவே இல்லை.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
டூவீலரில் ஏறி வந்திருக்கிறார்கள்;
இருவருக்கும் சேர்த்து ஒரே பை.

"போட்டோ எடுத்து எங்கக்கா வைப்பீங்க?"
"உள்ளதான்மா. யாரும் பாக்க மாட்டாங்க."

பொய்.
ஏற்காட்டில், ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் எங்கள் லாட்ஜ்.
மேசைமேல் பழைய லேப்டாப்.
விண்டோஸ் காசு கேட்டதென்று
முதலாளியின் அக்கா மகன் டார்வின்
சேலத்திலிருந்து பென்டிரைவில் லினக்ஸ் கொண்டுவந்து ஏற்றினான்.
அன்றோடு ரெஜிஸ்டர் நோட்டை நிறுத்தினோம்.
எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு.
அதுவேதான் வைஃபைக்கும்;
விருந்தினர் வசதிக்காக
லேமினேட் செய்து சுவரில் தொங்குகிறது.

பதினொரு மணிக்கு மூடுபனி
கண்ணாடிக் கதவில் வந்து நின்றது.
டெர்மினலைத் திறந்தேன்.
கறுப்புத் திரை, ஒரு டாலர் குறி, இமைக்கும் ஒரு கோடு.
சூடோ என்றேன். பாஸ்வேர்டு கேட்டது.
அடித்தேன்; ஒரு புள்ளிகூட விழவில்லை.
குளிரில் கீபோர்டு செத்துவிட்டதென்று
ஹீட்டர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.
பிறகுதான் புரிந்தது:
எத்தனை எழுத்து என்பதைக்கூட
தோளுக்குப் பின்னால் நிற்பவனுக்கு
அது காட்டிக்கொடுக்காதாம்.
எனக்கு அதைப் பிடித்துப்போனது.

யாரையும் கேட்கவில்லை. மேன் என்று தட்டினால்
அதற்குள்ளேயே கையேடு இருக்கிறது,
ஈபி ஆபீஸ் கடிதம் மாதிரி விறைப்பான இங்கிலீஷில்.
பாதி புரிந்தது.
மீதியை இரண்டு முறை படித்தேன்.

முதலில் அப்டேட்.
இருநூற்றுப் பதினாறு பொட்டலங்கள்
மலையேறி வர ஒன்றரை மணி நேரம்.
அப்புறம் ஃபயர்வால். அது
முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது,
அணைத்துவைத்தபடி.
கோடை விழாவுக்கு ஒருவழிப் பாதை விடுவார்களே,
அடிவாரம் வழி ஏறு, குப்பனூர் வழி இறங்கு என்று,
கிட்டத்தட்ட அதுதான்:
போவது போகட்டும்,
கூப்பிடாமல் வருவது நிற்கட்டும்.

எனக்கென்று தனிக் கணக்கு.
சூடோவை எனக்குக் கொடுத்துக்கொண்டு
பொதுக் கணக்கிலிருந்து பிடுங்கினேன்.
ஆதார் கோப்புறையை என் பக்கம் நகர்த்தி
ஆறு பூஜ்யம் பூஜ்யம் என்றேன்.
என்னையே உள்ளே விடவில்லை.
தாளுக்குத்தான் ஆறாம்; அறைக்கு ஏழு.
படிக்க நாலு, எழுத இரண்டு,
வாசற்படி தாண்ட ஒன்று.
எனக்கு ஏழு. குழுவுக்குப் பூஜ்யம்.
ஊருக்குப் பூஜ்யம்.
அது ஒரு வார்த்தை பேசவில்லை.
சரியாக நடந்தால் பேசாதாம்.

காலையில் பிரின்டர் ஓடவில்லை;
எதையோ அதிகமாக மூடியிருக்கிறேன்.
நான்காம் அறைக்குக் கையால் பில் எழுதும்போது
வெள்ளைக் கார் வந்து நின்றது.
மூன்று பேர். ஒருவருக்கு
அந்தப் பெண்ணின் அதே மூக்கு.

"நேத்து நைட்டு வந்தவங்க லிஸ்ட்டைக் காட்டுங்க தம்பி."
டார்வின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான்.
பழைய பாஸ்வேர்டு. உள்ளே போனான்.
கோப்புறைமேல் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி.
தட்டினான். அனுமதி இல்லை.
மறுபடி தட்டினான். அனுமதி இல்லை.
"அக்கா, இதுல என்ன பண்ணீங்க?"
"நீ ஏத்தினதுதானே தம்பி."
மூக்குக்காரர் என்னைப் பார்த்தார்.
"ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வாங்க சார், தரேன்."

கையெழுத்து நடுங்கிவிட்டது பில்லில்.
எண்ணூறை எண்பது என்று எழுதியிருந்தேன்.

அப்போதுதான் நினைவு வந்தது,
அவர்கள் வண்டி.
பின்பக்கம், காபிச் செடி ஓரம்,
நம்பர் பிளேட்டை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு
நனைந்து நிற்கிறது.
கையேட்டில் அதற்கொரு பக்கமும் இல்லை.

பக்கெட்டோடு போன சடையனைக் கூப்பிட்டேன்.
"மழ வரும்போல இருக்கு.
பின்னாடி விறகு நனையும்,
தார்ப்பாயப் போட்டு மூடு."

பின்பக்கம் விறகே கிடையாது.
அவன் என்னைப் பார்த்தான், காரைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல் போனான்.